அறுபதைத் தாண்டியவர்களின் கார் இன்சூரன்ஸ்: எதற்குப் பணம் கொடுக்கலாம், எதை விடலாம்

வயது ஏறினால் கார் பிரீமியமும் ஏறும் என்ற பயம் நம் ஊரில் பெரும்பாலும் வீண். எதிராளிக்கு ஏற்படும் இழப்புக்கான தேர்ட் பார்ட்டி கட்டணத்தை அரசே நிர்ணயிக்கிறது. 2022 ஜூனில் வந்த பட்டியல்படி 1,000 சிசி வரை ரூ.2,094, 1,500 சிசி வரை ரூ.3,416, அதற்கு மேல் ரூ.7,897, இதோடு 18% ஜி.எஸ்.டி. ஓட்டுபவருக்கு 25 வயதா, 75 வயதா என்று அந்தப் பட்டியல் கேட்பதே இல்லை. சொந்த வண்டியின் சேதத்துக்கான ஓ.டி. பிரீமியத்தையும் முக்கியமாக வண்டியின் மதிப்பு, வயது, சிசி, பதிவான ஊர் இவைதான் தீர்மானிக்கின்றன.

மூத்தவர்களின் கிளெய்ம் அடிபடுவது லைசென்ஸில்தான். 55 வயதுக்கு மேல் புதுப்பித்தால் ஐந்தைந்து ஆண்டுதான் கிடைக்கும். ஒவ்வொரு முறையும் மருத்துவரின் படிவம் 1ஏ வேண்டும். முன்பு காலாவதிக்குப் பிறகு இருந்த 30 நாள் சலுகை, 2019 சட்டத் திருத்தத்தோடு போய்விட்டது. விபத்து நடந்த அன்று லைசென்ஸ் செத்திருந்தால் ஓ.டி. கிளெய்ம் பெரும்பாலும் நிராகரிக்கப்படும். எதிராளிக்குக் காயம் என்றால் இன்னும் மோசம்: பல வழக்குகளில் நீதிமன்றம் முதலில் கம்பெனியைக் கொடுக்கச் சொல்லி, பிறகு உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ள விட்டுவிடுகிறது. காலாவதிக்கு ஓராண்டு முன்பே விண்ணப்பிக்கலாம். காலாவதியாகி ஓராண்டு தாண்டினால் மறுபடி ஓட்டிக் காட்ட வேண்டும். எழுபதில் அது யாருக்கும் பிடிக்காது.

அடுத்தது பார்க்கிங் கீறல். கேட்டில் உரசுவது, தூணில் பம்பர் இடிப்பது இதெல்லாம் கிளெய்ம் செய்யும் விஷயமா? கணக்குப் போட்டுப் பாருங்கள். 50% என்.சி.பி. (கிளெய்ம் செய்யாத ஆண்டுகளுக்காக ஓ.டி.யில் கிடைக்கும் தள்ளுபடி) வைத்திருப்பவர் ஒரு கிளெய்ம் செய்தால் அடுத்த புதுப்பிப்பில் அது பூஜ்யம். பிறகு 20, 25, 35, 45 என ஏறி மறுபடி 50-ஐத் தொடும். அதுவரை இழக்கும் தள்ளுபடி 50+30+25+15+5, அதாவது ஓர் ஆண்டின் முழு ஓ.டி. பிரீமியத்தில் 125%. ஓ.டி. ரூ.8,000 என்றால் இழப்பு ரூ.10,000, வரியோடு ரூ.11,800. இந்தப் பக்கம் வருவது என்ன? ஜீரோ டெப் (பாகங்களின் தேய்மானத்தைக் கழிக்காமல் கொடுக்கும் கூடுதல் காப்பு) இல்லாத பாலிசியில் பிளாஸ்டிக் பாகத்துக்குப் பாதிதான். ரூ.6,000 பம்பருக்கு ரூ.3,000, அதில் நாமே ஏற்க வேண்டிய கட்டாயக் கழிவு ரூ.1,000 போக மிஞ்சுவது ரூ.2,000. ஒர்க்‌ஷாப்காரர் "இன்சூரன்ஸ்ல போட்டுக்கலாம் சார்" என்று சொன்னாலும் சின்ன வேலைக்குக் கைக்காசு கொடுப்பதே லாபம். என்.சி.பி. பாதுகாப்பு ஆட்-ஆன் இருந்தால் கணக்கு மாறும். எத்தனை கிளெய்ம் வரை என்று பாலிசி வாசகத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஜீரோ டெப் ஐந்து வயதுக்குட்பட்ட வண்டிக்கு நல்லது. அதைத் தாண்டினால் பல கம்பெனிகள் தருவதில்லை, தந்தால் விலை கடிக்கும். அப்போது உலோகப் பாகத்துக்கே 40% தேய்மானம் பிடிப்பார்கள் என்பதையும் நினைவில் வையுங்கள். ஐந்து ஆண்டுக்கு மேல் ஐ.டி.வி., அதாவது பாலிசியில் வண்டிக்குப் போடும் மதிப்பு, கம்பெனியோடு பேசி முடிவு செய்வது. பிரீமியம் குறையட்டும் என்று அதை அடிமட்டத்துக்கு இறக்கும் ஏஜென்டை நம்ப வேண்டாம். பழுதுச் செலவு ஐ.டி.வி.யில் 75% தாண்டினால் வண்டியே டோட்டல் லாஸ்; ஓடக்கூடிய காரை அந்தக் குறைந்த தொகைக்கே முடித்துவிடுவார்கள்.

வேளச்சேரி, முடிச்சூர் போலத் தண்ணீர் தேங்கும் இடமென்றால் இன்ஜின் ப்ரொடெக்ட் அவசியம். மூழ்கிய வண்டியை ஸ்டார்ட் செய்து இன்ஜின் லாக் ஆனால் சாதாரண பாலிசி அதை ஏற்காது. மேட்டுப்பாங்கான ஊரில் இருப்பவருக்கு அது தண்டச் செலவு. ரோடு சைடு அசிஸ்டன்ஸ் மட்டும் எல்லா மூத்தவரும் எடுக்கலாம். ஸ்டெப்னி மாற்றக் குனிய முடியாத வயதில் அந்தச் சில நூறு ரூபாய் பெரிதல்ல.

கோயில், மருத்துவமனை, மார்க்கெட் என்று மட்டும் ஓட்டுபவருக்கு, இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ. 2022-இல் அனுமதித்த, ஓட்டும் கிலோமீட்டருக்கு ஏற்ற பாலிசி நன்றாகவே பொருந்தும். வாங்கும் நாளில் ஓடோமீட்டரைப் படம் எடுத்து வையுங்கள். கிலோமீட்டர் தீர்ந்தால் டாப்-அப் உண்டா, ஓ.டி. நின்றுவிடுமா என்பதை எழுத்தில் கேளுங்கள். தேர்ட் பார்ட்டி எப்படியும் தொடரும்.

வெளியூருக்கு ஆக்டிங் டிரைவரை வைக்கும் வீடுகளில் பலர் விடுவது, கூலி டிரைவருக்கான பொறுப்புக் காப்பு (வேலையில் அவருக்கு அடிபட்டால் உரிமையாளரின் பொறுப்பை ஏற்பது). பழைய கட்டண விதிப்படி ஆளுக்கு வெறும் ரூ.50. அவருடைய லைசென்ஸையும் செல்லுபடித் தேதி தெரியும்படி படம் எடுத்துக்கொள்ளுங்கள். அவர் ஓட்டும்போது கிளெய்ம் நிற்பது அதன்மேல்தான். ரூ.15 லட்சம் ஓனர்-டிரைவர் விபத்துக் காப்பு ஆர்.சி.யில் பெயருள்ளவர் செல்லுபடியாகும் லைசென்ஸ் வைத்திருந்தால் மட்டும். லைசென்ஸையே விட்டுவிட்டவர் அதைக் கழற்றச் சொல்லலாம். அது உயிரிழப்புக்கும் நிரந்தர ஊனத்துக்கும்தான், கால் முறிந்த ஆஸ்பத்திரி பில்லுக்கு அல்ல.

மாற்றுத்திறனாளிக்காக மாற்றி அமைத்து ஆர்.சி.யில் பதிந்த காருக்கு ஓ.டி.யில் 50% தள்ளுபடி உண்டு, கேட்டால்தான் தருவார்கள். உரிமையாளர் காலமாகி வண்டி மனைவிக்கோ பிள்ளைக்கோ வந்தால் அவருடைய என்.சி.பி.யும் கூடவே வரும். இறப்புச் சான்றிதழோடு பாலிசியையும் ஆர்.சி.யையும் பெயர் மாற்றுங்கள். பாலிசி காலாவதியாகி 90 நாள் தாண்டினால் அந்தத் தள்ளுபடி போய்விடும்.