நெல்லை அபார்ட்மெண்ட் சங்கங்கள்: பல வருடப் புழக்கத்தில் எது தாங்குகிறது, எது தாங்கவில்லை

பெருமாள்புரம், மகாராஜநகர், தியாகராஜநகர், கே.டி.சி. நகர் பக்கமெல்லாம் தனி வீடு நின்ற மனைகளில் இப்போது எட்டு வீடு, பன்னிரண்டு வீடு, இருபது வீடு என்று அபார்ட்மெண்டுகள் நிற்கின்றன. கிச்சன் மேடை, கதவு, டைல்ஸ் எல்லாம் தட்டிப் பார்த்து வாங்குகிறவர்கள், சங்கம் பதிவாகியிருக்கிறதா என்பதைப் பத்திரம் முடிந்தபிறகுதான் கேட்கிறார்கள். பில்டர் கையிலிருந்து கட்டடம் சங்கத்துக்கு மாறும்போது எந்தெந்தக் காகிதம் வந்தது, மாதக் கணக்கு எப்படி எழுதப்படுகிறது, இந்த இரண்டும்தான் பிற்பாடு சங்கத்தைத் தாங்குகின்றன.

பழைய சங்கங்கள் பெரும்பாலும் 1975-ம் ஆண்டு தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி, குறைந்தது 7 உறுப்பினர்களோடு மாவட்டப் பதிவாளரிடம் பதிந்தவை. அடுக்ககங்களுக்கென்றே 2022-ல் தனிச் சட்டம் வந்து, விதிகள் 2024-ல் வெளியாகிவிட்டன. பழைய துணைவிதி (சங்கம் தனக்கென்று எழுதிவைத்திருக்கும் விதிகள், பைலா) புதுச் சட்டத்தோடு ஒத்துப்போகிறதா என்று ஒரு வக்கீலிடம் காட்டிவிடுவது நல்லது. பழைய கட்டடத்தை இடித்துக் கட்ட மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர் சம்மதம் போதும் என்பது இந்தப் புதுச் சட்டத்தில்தான் இருக்கிறது.

பில்டரிடம் வாங்கவேண்டியவை: அங்கீகரித்த வரைபடம், கட்டட நிறைவுச் சான்று, லிப்ட் லைசென்ஸ், மோட்டார், லிப்ட் வாரண்டி அட்டைகள், தண்ணீர்க் குழாய் வரைபடம், ஒயரிங் வரைபடம், பொது மின் இணைப்பின் பெயர் மாற்றம், பிற்காலப் பெரிய செலவுகளுக்கென்று வீட்டுக்கு இவ்வளவு என்று வசூலித்த கார்பஸ் தொகை. குழாய் வரைபடத்தைப் பலர் கேட்பதே இல்லை. மூன்றாம் மாடி பாத்ரூமில் கசிந்து இரண்டாம் மாடி சீலிங் ஊறும்போது பிளம்பர் குத்துமதிப்பாக நாலு இடத்தில் டைல்ஸை உடைப்பார். உடைத்த செலவு யாருடையது என்பதில் இரண்டு வீட்டுக்கும் பேச்சு நின்றுபோகும். லிப்ட் லைசென்ஸ் பில்டர் பெயரிலேயே கிடந்தால், புதுப்பிக்கும்போது அவர் கையெழுத்துக்கு அலையவேண்டிவரும்.

ரெரா என்கிற ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டப்படி, வீட்டை ஒப்படைத்த நாளிலிருந்து 5 வருடத்துக்குள் கட்டுமானக் குறை தெரிந்து பில்டரிடம் சொன்னால், 30 நாளுக்குள் அவர் நம்மிடம் காசு வாங்காமல் சரிசெய்து தரவேண்டும். போனில் சொன்னதற்கு ஆதாரம் இருக்காது, எழுத்தில் சொல்லுங்கள். மொட்டைமாடி விரிசல், சுவர் ஓதம் எல்லாவற்றையும் தேதி தெரிய போட்டோ எடுத்து, பதிவுத் தபாலில் அனுப்புங்கள்.

அடுத்தது பணம். சண்டை தொடங்குவது இங்கேதான். எல்லா வீட்டுக்கும் ஒரே தொகை என்றால் ஒரு பெட்ரூம்காரர் முறைப்பார்; சதுர அடிக் கணக்கு என்றால் மூன்று பெட்ரூம்காரர் முறைப்பார். நீடித்து நிற்பது சதுர அடிக் கணக்குதான். உதாரணத்துக்கு, மொத்தப் பரப்பு 18,000 சதுர அடி. வாட்ச்மேன் சம்பளம், துப்புரவு, லிப்ட் பராமரிப்பு ஒப்பந்தம், பொது மின்சாரம், மோட்டார் ரிப்பேர் சேர்த்து வருடச் செலவு 5,40,000 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். மாதம் 45,000, சதுர அடிக்கு 2.50. 900 சதுர அடி வீட்டுக்கு 2,250, 1,200-க்கு 3,000. இதோடு சதுர அடிக்கு 50 காசு கூட்டி வாங்கித் தனிக் கணக்கில் போட்டால் வருடத்துக்கு 1,08,000 சேரும். பெயிண்ட், மொட்டைமாடி நீர்க்கசிவுத் தடுப்பு, லிப்ட் கயிறு மாற்றுவது எல்லாம் இந்தப் பணத்தில்தான் ஆகவேண்டும். 50 காசு மிச்சம் என்று இதை விட்ட சங்கங்களில், பெயிண்ட் அடிக்க வீட்டுக்கு முப்பதாயிரம், நாற்பதாயிரம் என்று ஒரேயடியாகக் கேட்கும்போது பாதிப்பேர் தரமாட்டார்கள்.

ஜிஎஸ்டி பயம் இங்கே பெரும்பாலும் தேவையில்லை. பராமரிப்புத் தொகை ஒரு வீட்டுக்கு மாதம் 7,500 ரூபாயைத் தாண்டி, சங்கத்தின் வருட வரவும் 20 லட்சத்தைத் தாண்டினால்தான் அது வரும்.

பாக்கி வசூல் தனித் தலைவலி. வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு வளைகுடாவிலோ சென்னையிலோ இருக்கிறவர்கள் நம் ஊரில் அதிகம். “அண்ணாச்சி, வாடகைக்காரர்ட்ட வாங்கிக்கிடுங்க” என்பார்கள். வாடகைக்காரர் “ஓனர்ட்ட கேளுங்க” என்பார். துணைவிதியில் பொறுப்பு உரிமையாளருக்கே என்று எழுதிவிடுங்கள். தாமத வட்டி எவ்வளவு, வெளியூர்க்காரர் சார்பில் யார் எப்படி ஓட்டுப் போடுவது என்பதையும் அங்கேயே எழுதவேண்டும். வாட்ஸ்அப்பில் கட்டைவிரல் காட்டியதைத் தீர்மானமாக எடுத்துக்கொள்ள முடியாது. தீர்மானப் புத்தகத்தில் எழுதி, வந்தவர்கள் கையெழுத்துப் போட்டால்தான் பாங்கில் செக் கையெழுத்துக்காரரை மாற்றவே முடியும்.

நம் பருவத்துக்கென்று சில வேலைகள் உண்டு. ஆடிக்காற்றுக்கு முன்னால் மொட்டைமாடித் தகரக் கூரையின் போல்ட்டுகளையும் டேங்க் மூடிகளையும் இறுக்கவேண்டும். ஐப்பசிக்கு முன்னால் மழைநீர்க் குழாய் வாய்களில் இலை, சிமெண்ட் கட்டி அடைத்திருக்கிறதா என்று பார்க்கவேண்டும். 2023 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு இன்னொன்றும் சேர்ந்தது: மீட்டர் போர்டும் மோட்டார் ஸ்டார்ட்டரும் தரைத்தளத்தில் முழங்கால் உயரத்திலேயே இருந்தால் மேலே ஏற்றுங்கள், சம்ப் வாயைச் சுற்றி ஒன்றரை அடி விளிம்பு கட்டுங்கள். தெருத் தண்ணீர் ஒருமுறை சம்பில் இறங்கினால் முழுதும் இறைத்து, தேய்த்துக் கழுவி, குளோரின் போட்டபிறகே திரும்ப நிரப்பலாம். அதுவரை அத்தனை வீட்டுக்கும் லாரித் தண்ணீர்தான், செலவு சங்கத்தின் தலையில்.