ஏ.என்.எம். முடித்தவர் ஸ்டாஃப் நர்ஸ் ஆக: ஜி.என்.எம்.மா, பி.எஸ்சி. நர்சிங்கா?

ஈரோடு, திருப்பூர், பெருந்துறைப் பக்கம் ஏ.என்.எம். (துணை நர்ஸ் படிப்பு) முடித்து, ஆஸ்பத்திரி வேலையில் இருந்துகொண்டே மேலே படிக்க நினைக்கிறவர்களுக்கு முதலில் ஒன்று: ஜி.என்.எம். (நர்சிங் டிப்ளமோ), பி.எஸ்சி. நர்சிங் (பட்டப்படிப்பு) இரண்டுமே முழுநேரப் படிப்புங்க. தபால்வழியில் நர்ஸ் ஆக்குகிறோம் என்று யார் சொன்னாலும் பணம் கட்டாதீர்கள். அந்தச் சான்றிதழை நர்சிங் கவுன்சிலில் பதிய முடியாது.

தகுதி
ஜி.என்.எம்.: பிளஸ் டூவும் ஏ.என்.எம். பதிவும் இருந்தால் போதும், எந்தக் குரூப்பும் சரி.
பி.எஸ்சி.: இயற்பியல், வேதியியல், உயிரியல் கட்டாயம்; இந்தப் பாடங்கள் இல்லாத தொழிற்கல்விக் குரூப்காரர்கள் இதில் சேர முடியாது.

காலம்
ஜி.என்.எம்.: 3 ஆண்டு. பட்டம் வேண்டுமானால் பின்னால் போஸ்ட் பேசிக் பி.எஸ்சி. (ஜி.என்.எம். முடித்தவர்களுக்கான பட்டப்படிப்பு) 2 ஆண்டு.
பி.எஸ்சி.: 4 ஆண்டு, அதன்பின் ஓராண்டு பணி அனுபவம் இருந்தால் எம்.எஸ்சி.க்குப் போகலாம்.

வேலையோடு படிப்பு
இரண்டிலும் தேர்வெழுத 80 சதவீத வருகை வேண்டும். வார்டுப் பயிற்சியில் விடுபட்ட மணிநேரத்தை முழுசாக ஈடுகட்டாமல் சான்றிதழ் வராது. ராத்திரி டூட்டி முடித்துக் காலை 8 மணிக்கு வார்டில் நிற்கிறவர்கள் கண் சொக்கி மருந்து அளவைத் தப்பாகப் படித்துவிடுவார்கள். நோயாளி உயிர் சம்பந்தப்பட்டது, வேண்டவே வேண்டாம். ஞாயிறு, விடுமுறை டூட்டி மட்டும் கேளுங்கள். அசல் சான்றிதழ்கள் ஆஸ்பத்திரியில் இருந்தால் சேர்க்கைக்கு முன்பே வாங்கிவிடுங்கள்.

குடும்பம் உங்கள் சம்பளத்தை நம்பியிருந்தால் ஜி.என்.எம்., ஓராண்டு முன்னால் சம்பாதிக்கலாம். அறிவியல் குரூப்பும் வீட்டார் கைகொடுப்பும் இருந்து, ஆசிரியப் பணியில் ஆசையும் இருந்தால் பி.எஸ்சி.யே எடுங்க.