லோடைப் பிரிப்பதா, பெரிய ஜெனரேட்டர் வாங்குவதா?

ஒரு கல்யாண மண்டபத்தின் 62.5 கேவிஏ திறனுள்ள ஜெனரேட்டர் வரவேற்பு நடக்கும் இரவுகளில் ட்ரிப் ஆகி மின்சாரம் துண்டிக்கப்படுவதால், 82.5 கேவிஏ வாங்கிவிடலாமா என்று அதன் உரிமையாளர் கேட்டார். கேபிளைச் சுற்றி மாட்டி மின்னோட்டத்தை அளக்கும் டாங் டெஸ்டரைக் கொண்டு பார்த்தபோது, மூன்று ஃபேஸ்களில் ஆர் ஃபேஸில் 95, ஒய் ஃபேஸில் 40, பி ஃபேஸில் 30 ஆம்பியர் ஓடின. 415 வோல்ட்டில் அந்த ஜெனரேட்டர் ஒரு ஃபேஸுக்குத் தாங்குவது 87 ஆம்பியர். மொத்தச் சுமையோ அதன் திறனில் மூன்றில் இரண்டு பங்கைக்கூட எட்டவில்லை. என்றோ ஒரு நாள் ஈ.பி. சப்ளையில் இரண்டு ஃபேஸ் போனபோது, எந்த ஃபேஸில் இணைப்பது என்று தேர்ந்தெடுக்கும் அறைகளின் ஃபேஸ் சேஞ்சர்களை ஆர் பக்கம் திருப்பியவர்கள் அவற்றை மீண்டும் பழைய இடத்துக்குக் கொண்டுவரவே இல்லை.

பெரிய ஜெனரேட்டர் வாங்கினால் ஃபேஸுக்கு 115 ஆம்பியர் கிடைக்கும், ட்ரிப் ஆவதும் நிற்கும். ஆனால் சமனற்ற மின்னோட்டம், ஜெனரேட்டரின் சுழலும் பகுதியான ரோட்டாருக்கு எதிர்த்திசையில் சுழலும் காந்தப்புலத்தை உண்டாக்கி, ரோட்டாரில் 100 ஹெர்ட்ஸ் மின்னோட்டத்தைத் தூண்டி அதைச் சூடாக்குகிறது. இத்தகைய ஜெனரேட்டர்களுக்கு ஐஇசி 60034-1 தரநிலை அந்த எதிர்ப்புலத்தை உண்டாக்கும் பகுதியை, அதாவது எதிர்வரிசை மின்னோட்டத்தை, முழுத்திறன் மின்னோட்டத்தில் தொடர்ந்து 8 சதவீதம் வரை மட்டுமே அனுமதிக்கிறது. மூன்று ஃபேஸிலும் பவர் ஃபேக்டர் (மின்திறனில் உண்மையில் பயன்படும் விகிதம்) ஒன்றே என்று கொண்டால், மேற்கண்ட சுமைக்கு அது பழைய ஜெனரேட்டரில் 23 சதவீதம். புதியதிலும் 17 சதவீதத்துக்கு மேல். இத்தனை பணம் செலவழித்தும் நோய் அப்படியே இருக்கும் என்பதால், இந்த வழியை நான் ஏற்கவில்லை.

ஜெனரேட்டரின் வோல்டேஜைச் சீராக்கும் ஏவிஆரை மூன்று ஃபேஸையும் உணரும் வகைக்கு மாற்றலாம் என்றும் சிலர் சொல்வதுண்டு. அது சராசரி வோல்டேஜைச் சீராக வைக்குமே தவிர, ஒரு ஃபேஸின் சுமையை இன்னொன்றுக்கு மாற்றாது. ஜெனரேட்டரில் மின்சாரம் உண்டாக்கும் பகுதியான பன்னிரண்டு முனை ஆல்டர்னேட்டரைச் சிங்கிள் ஃபேஸாக மாற்றி இணைப்பதும் நடைமுறையில் உள்ள வழிதான். ஆனால் திறன் பெரிதும் குறைவதோடு, லிஃப்டும் த்ரீ ஃபேஸ் மோட்டாரும் ஓடாது என்பதால் மண்டபத்துக்கு அது பொருந்தாது.

எஞ்சியிருப்பது டிபியில் (மின் விநியோகப் பெட்டியில்) லோடைப் பிரித்துப் போடுவது. அறைகளின் ஏசிகளை ஒய், பி ஃபேஸ்களுக்கு மாற்றியதும் 60, 55, 50 ஆம்பியர் என்று வந்தது. கணக்கின்படி 61 ஆம்பியராக இருந்த நியூட்ரல் (மூன்று ஃபேஸுக்கும் பொதுவான திரும்பு கம்பி) மின்னோட்டம் 9 ஆம்பியருக்கும், எதிர்வரிசை மின்னோட்டம் 3 சதவீதத்துக்கும் இறங்கின. அரை நாள் வேலை இது. காலை முகூர்த்தத்தின் சமையலறைச் சுமையும் இரவு வரவேற்பின் விளக்குச் சுமையும் வெவ்வேறானவை என்பதால், இரண்டு வேளையும் அளந்த பிறகே பிரிக்க வேண்டும் என்பது மட்டும் இதன் சிரமம். எல்இடி சீரியல் விளக்குகளின் மூன்றாம் ஹார்மோனிக் மின்னோட்டம் (அடிப்படை அதிர்வெண்ணைப் போல் மூன்று மடங்கில் ஓடுவது), ஃபேஸ்கள் சமமானாலும் நியூட்ரலில் ரத்தாகாமல் ஒன்றோடொன்று கூடும். ஆகவே நியூட்ரல் கேபிளின் தடிமனை எக்காரணம் கொண்டும் குறைக்கக் கூடாது, அதன் முனையில் உள்ள இணைப்பான லக் தளர்ந்திருக்கிறதா என்பதையும் அன்றே பார்த்துவிட வேண்டும். இவ்வளவும் செய்த பின்னும் மூன்று ஃபேஸும் 80 ஆம்பியரைத் தாண்டினால்தான் 82.5 கேவிஏவுக்கு விலை கேட்கலாம் என்று உரிமையாளரிடம் சொன்னேன்.