மூன்று பருவங்கள் மட்டுமே ஓடிய சிரிப்பரங்கம்: பிரான்சனின் ரே ஸ்டீவன்ஸ் தியேட்டர்

அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தில், ஓசார்க் மலைப்பகுதியில் உள்ள பிரான்சன், 1990-இல் நாலாயிரம் பேர்கூட வசிக்காத சிற்றூர். ஆனால் அவ்வூரின் 76-ஆம் எண் நெடுஞ்சாலையின் இருபுறமும் பாடகர்களின் பெயர்களைச் சுமந்த தியேட்டர்களும், அவற்றின் வாசலில் முதியோரைக் கூட்டம் கூட்டமாக இறக்கிவிடும் சுற்றுலாப் பேருந்துகளும் நிறைந்திருந்தன. அந்த வரிசையில் 1991-இல் திறக்கப்பட்டு, 1993-ஆம் ஆண்டுப் பருவத்தோடு தன் முதல் வாழ்வை முடித்துக்கொண்ட, நகைச்சுவைப் பாடகர் ரே ஸ்டீவன்ஸின் பெயர் தாங்கிய தியேட்டரைப் பற்றியது இந்த மதிப்புரை. அங்கே நான் இருக்கையில் அமர்ந்து பார்த்தவன் அல்லன். அந்த மேடையில் பதிவான நிகழ்ச்சியைக் காணொளியிலும் அவருடைய பாடல்களை ஒலிப்பதிவிலும் அறிந்தவன் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

பிரான்சனுக்கு நகைச்சுவை புதிதன்று. 1959-இல் மேப் சகோதரர்கள் தொடங்கிய பால்டுநாப்பர்ஸ் குழுவும், 1967-இல் அந்த நெடுஞ்சாலையில் முதல் தியேட்டரைக் கட்டிய பிரெஸ்லி குடும்பமும், பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவே தொளதொளத்த உடையும் கோணல் தொப்பியுமாக ஒரு கோமாளியை மேடையேற்றுவதை வழக்கமாக்கியிருந்தனர். அங்கெல்லாம் இசைதான் சோறு, சிரிப்பு ஊறுகாய். ஸ்டீவன்ஸ் தியேட்டரில் ஊறுகாயே சோறாகிவிட்டது. இரண்டாயிரம் இருக்கைகள் கொண்ட ஓர் அரங்கை நகைச்சுவைப் பாடல்களை நம்பிக் கட்டியது துணிச்சல்தான்.

அந்தத் துணிச்சலுக்கு அடிப்படையாக இருந்தது அவருடைய கைத்திறன். 1974-இல் அமெரிக்கப் பட்டியலில் முதலிடம் பிடித்த ‘தி ஸ்ட்ரீக்’ பாடலை எடுத்துக்கொள்ளுங்கள். ஆடையின்றி ஓடும் ஒருவனைப் பற்றித் தொலைக்காட்சிச் செய்தியாளர் சூப்பர் மார்க்கெட்டிலும், பெட்ரோல் நிலையத்திலும், கூடைப்பந்து ஆட்டத்திலும் விசாரிக்கிறார். மூன்று இடத்திலும் அகப்படும் சாட்சி ஒரே ஆள். ஒவ்வொரு முறையும் அவர் தம் மனைவி எத்தலைப் பார்க்காதே என்று தடுக்க முயல்கிறார். கடைசியில் எத்தலே ஓட்டத்தில் சேர்ந்துகொள்கிறாள். செய்தியாளரும் சாட்சியும் ஸ்டீவன்ஸ் ஒருவரின் குரல்களே. எந்த இடத்தில் மூச்சு வாங்குவது, எந்த இடத்தில் தாளத்தை நிறுத்திச் சிரிப்புக்கு வழிவிடுவது என்ற கணக்கு துல்லியமாக இருக்கிறது. ஜார்ஜியா ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் பியானோவும் இசையியலும் முறையாகப் பயின்றவர் என்பது இங்கே தெரிகிறது. சபா நாடகங்களில் கைதட்டல் அடங்கும்வரை அடுத்த வசனத்தைப் பிடித்து வைத்திருக்கும் நடிகர்களைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இந்தக் கணக்கு உடனே பிடிபடும்.

குறை இல்லாமல் இல்லை. 1962-இல் அவருக்குப் பெயர் வாங்கித் தந்த ‘ஏஹாப் தி அராப்’ பாடலில் அரபு மக்களைக் கேலிச் சித்திரமாக்கும் போக்கு அப்பட்டமானது; அதில் வரும் ஒட்டகத்தின் குரலுக்குச் சிரிக்கிற நானே, அரபு மொழியைப் போலி செய்யும் இடத்தில் நெளிகிறேன்.

சரி, ஏன் மூடினார்கள்? கூட்டம் குறைந்ததால் என்று நினைக்க இடமில்லை. அரங்கு திறந்த ஆண்டின் டிசம்பரில் ‘60 மினிட்ஸ்’ தொலைக்காட்சி நிகழ்ச்சி பிரான்சனை நாடெங்கும் காட்டிய பிறகு, ஊரே தாங்க முடியாத அளவுக்குக் கூட்டம் வந்தது; 1992-இல் பாடகர் ஆண்டி வில்லியம்ஸின் தியேட்டரும், ஏறத்தாழ நாலாயிரம் இருக்கைகள் கொண்ட கிராண்ட் பேலஸ் அரங்கும் திறந்தன. என் கணிப்பில் சிக்கல் பெயர்ப்பலகையில் இருந்தது. வாசலில் ஒருவர் பெயரை எழுதிவிட்டால், அவர் ஒருவரே பகலிலும் இரவிலும், பருவம் முழுவதும், அதே எத்தலை அதே வியப்போடு தடுத்துக்கொண்டிருக்க வேண்டும். பெரும் வரிப் பாக்கியோடு வந்த புகழ்பெற்ற பாடகர் வில்லி நெல்சனே 1992-இல் ஒரு பருவத்தோடு ஊரை விட்டுப் போனார். பால்டுநாப்பர்ஸ் மேடையிலோ, ‘ட்ரூப்பி டிராயர்ஸ்’ என்ற கோமாளி வேடத்தைத் தந்தைக்குப் பின் மகன் அணிந்துகொண்டார். வேடத்தை மகனுக்குக் கொடுக்கலாம். ரே ஸ்டீவன்ஸ் என்ற பெயரை யாருக்குக் கொடுப்பது?

இதற்கிடையே 1992-இல் அவர் வெளியிட்ட ‘காமெடி வீடியோ கிளாசிக்ஸ்’ என்ற பாடல் காணொளித் தொகுப்பு, தொலைக்காட்சி விளம்பரம் வழியாக நேராக வீடுகளுக்குப் பெருமளவில் விற்றது. பேருந்துப் பயணம் தேவைப்படாத ஒரு தியேட்டரை அவரே தயாரித்துவிட்டார் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. இப்போது பார்க்க விரும்புபவர்களுக்கு நான் பரிந்துரைப்பது அதை அன்று, 1993-இல் வெளியான ‘ரே ஸ்டீவன்ஸ் லைவ்’ பதிவையே. படப்பிடிப்பில் கிடைக்காத ஒன்று, கூட்டத்தின் சிரிப்புக்கு ஏற்ப அவர் வேகத்தை மாற்றுவது, அதில்தான் இருக்கிறது.

2004-இல் அவர் அதே கட்டடத்துக்குத் திரும்பிச் சில பருவங்கள் பாடினார். அதன்பின் அதை ஆர்எஃப்டி டிவி என்ற கிராமப்புற ஒளிபரப்பு நிறுவனம் வாங்கியது. முகப்பில் இருந்த அவர் பெயர் இறங்கி, தொலைக்காட்சியின் பெயர் ஏறியது.