நம்பையின் டெட்: விடை சரி, கேட்கிற கேள்விதான் தவறு

பைத்தான் நிரல்மொழிக்கான கணித நூலகம் நம்பை. அதிலுள்ள டெட் என்ற கட்டளை, ஒரு சதுர அணியை (நிரை நிரையாக அடுக்கிய எண் கட்டத்தை) வாங்கிக்கொண்டு அதன் அணிக்கோவையை ஒற்றை எண்ணாகத் தருகிறது. அந்த அணி பரப்பையோ கன அளவையோ எத்தனை மடங்கு ஆக்கும் என்பதே அந்த எண். (2, 1), (0, 3) என்ற நிரைகளுக்கு விடை 6. அதாவது ஓரலகுச் சதுரம் 6 சதுர அலகு இணைகரமாகிறது. மைனஸ் வந்தால் உருவம் கண்ணாடியில் தெரிவதுபோலப் புரண்டுவிட்டது. 0 வந்தால் தட்டையாகிவிட்டது, நேர்மாறு கிடையாது.

உள்ளே நடப்பது பள்ளியில் செய்த இணைக்காரணி விரிவு அல்ல. 20×20 அணிக்கு அப்படி விரித்தால் 20!, ஏறத்தாழ 2.4×10^18 உறுப்புகள். டெட், லேப்பேக் என்ற பழைய கணித நிரல் தொகுப்பின் எல்-யூ பிரிப்பை (அணியை இரண்டு முக்கோண அணிகளின் பெருக்கலாகப் பிரிப்பதை) கூப்பிடுகிறது. ஒரு நிரையின் மடங்கை இன்னொன்றிலிருந்து கழித்தால் கன அளவு மாறாது என்பதால், முக்கோண வடிவுக்குக் கொண்டுவந்து மூலைவிட்டத்தைப் பெருக்கினால் போதும்; நிரைகளை இடம் மாற்றும்போதெல்லாம் குறி மாறும். அதே அணிக்குச் சுமார் 5,300 செயல்கள்தான். வேகத்தில் குறையே சொல்ல முடியாது.

தசமத்தில்தான் சிக்கல். (1, 2), (3, 4) கொடுத்தால் பெரும்பாலும் -2.0000000000000004 வரும். பிழை குறையட்டும் என்று பெரிய எண்ணான 3-இன் நிரை மேலே போய், 1/3 ஆல் பெருக்க நேர்கிறது, அது இரும எண்ணில் முடிவதில்லை. ஆகவே "விடை 0-ஆ?" என்று ஒப்பிடும் வரி நம்பத்தக்கதல்ல. அதற்குப் பதில் "10^-10-க்குக் கீழே என்றால் நேர்மாறு இல்லை" என்று எழுதுவது இன்னும் மோசம். மூலைவிட்டத்தில் 0.1 மட்டும் உள்ள 100×100 அணிக்கு விடை 10^-100. நேர்மாறோ வெறும் 10-கள், எந்தக் கோளாறும் இல்லை. மூலைவிட்டத்தில் 10^10, 10^-5 இருந்தால் விடை 1,00,000. பார்க்க வாட்டசாட்டம், ஆனால் நிலை எண் (உள்ளீட்டின் சிறு பிழை விடையில் எத்தனை மடங்கு பெருகக்கூடும் என்ற அளவு) 10^15! இந்தச் சோதனைக்கு உரியது, நிலை எண்ணைத் தரும் காண்ட் என்ற கட்டளைதான்.

அதே 0.1 அணியை 500×500 ஆக்கினால் டெட் சத்தமில்லாமல் 0.0 என்கிறது. 10^-500, கணினி தசம எண்களை வைக்கும் வழக்கமான 64 பிட் வடிவில் (இரட்டைத் துல்லியத்தில்) அடங்காது. எச்சரிக்கைகூட வராதது பெரிய குறை. நம்பையின் இன்னொரு கட்டளையான ஸ்லாக்டெட், குறி 1, இயல் மடக்கை -1151.29 என்று தனித்தனியே தரும். இயல்நிலைப் பரவலின் நிகழ்தகவு மடக்கைக்கு அதையே எடுங்கள்.

சமன்பாடு தீர்க்க, அணிக்கோவைகளை வகுத்து விடை காணும் கிராமர் விதியோடு டெட்டைக் கூட்டு சேர்க்க வேண்டாம், அதற்கென்றே சால்வ் கட்டளை இருக்கிறது. டெட் உண்மையில் மின்னுவது (1000, 3, 3) போன்ற அடுக்குகளில், அதாவது 1000 3×3 அணிகளில்: ஒரே அழைப்பில் 1000 விடைகள். ஓர் உருவத்தைச் சிறு துண்டுகளாகப் பிரித்த கண்ணி வலையில் புரண்ட துண்டுகளைக் குறி பார்த்தே பிடித்துவிடலாம். முழு எண்களில் துல்லிய விடை வேண்டுமென்றால் குறியீட்டுக் கணித நூலகமான சிம்பை, மெதுவாகத்தான் போகும்.