இரவுத் தங்குமிடமா, வாடகை வீடா: பொதுப்பணம் எதற்குப் போக வேண்டும்?

சிங்கப்பூரிலும் வீடற்றவர்கள் இருக்கிறார்களா என்று கேட்பவர்களுக்கு: 2022இல் அரசு எடுத்த கணக்கில் தெருவில் உறங்கியவர்கள் சுமார் 530 பேர். அரசுப் பணத்தை அதிகம் எதில் போடலாம்?

வேகம்
தங்குமிடம்: சமய, சமூக அமைப்புகள் இரவில் கதவைத் திறக்கின்றன. பெரும்பாலும் அன்றே பாய் கிடைக்கும்.
வீவக (அரசின் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) வாடகை வீடு: விண்ணப்பம், வருமானச் சான்று, காத்திருப்பு.

செலவு
தங்குமிடம்: அமைப்பவர்களுக்குச் சிக்கனம். தொண்டூழியர் உழைப்பு கணக்கில் ஏறுவதே இல்லை, அதுதான் உறுத்துகிறது.
வாடகை வீடு: மிகக் குறைந்த வருமானக்காரருக்கு ஓரறை வீட்டு வாடகை மாதம் 26 வெள்ளியிலிருந்து (சிங்கப்பூர் டாலர்). மீதியை அரசு ஏற்கிறது.

நிலைப்பு
தங்குமிடம்: காலையில் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்ப வேண்டும். இரவு வேலை பார்க்கும் பாதுகாவலர் பகலில் எங்கே கண்ணயர்வார்?
வாடகை வீடு: பூட்டு, சமையல், கடிதம் வர முகவரி. ஆனால் தனியாள் என்றால் இன்னொருவரோடு பகிர வேண்டும். முன்பு அந்த அறைத்துணையை அவரே தேட வேண்டியிருந்தது. முன்பின் தெரியாதவரோடு ஒரே அறை, சண்டைக்குச் சொல்லவா வேண்டும்? 2021இல் தொடங்கிய முன்னோடித் திட்டத்தில் வீடுகளை நடத்தும் அமைப்பே துணையைப் பொருத்துகிறது. நல்ல மாற்றம்.

நேற்று வீட்டை விட்டு வெளியேறியவருக்குத் தங்குமிடமே சரி. மாதக்கணக்கில் அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில் படுப்பவருக்கு வீடுதான். என் கையில் பட்ஜெட் இருந்தால் பெரும்பங்கு ஆளுக்கொரு அறை உள்ள வாடகை வீடுகளுக்கே.