84 முகவரிகள்: மறைநகலா, கூகுள் குழுவா, தனித்தனி மடலா?

மனச்சிதைவு நோயுள்ளவர்களைப் பராமரிக்கும் குடும்பத்தினர் மாதம் ஒருமுறை மயிலாப்பூரில் கூடிப் பேசுகிறோம். கூட்டம் நடக்கும் நாளையும் நேரத்தையும் மின்னஞ்சலில் தெரிவிப்பது நான்கு ஆண்டுகளாக என் பொறுப்பு. இரண்டு ஆண்டுகளுக்கு முன், நான் ஊரில் இல்லாத ஒரு வாரத்தில், எனக்குப் பதிலாக மடல் அனுப்பிய நண்பர் பட்டியலில் இருந்த 84 முகவரிகளையும் ‘பெறுநர்’ கட்டத்திலேயே இட்டுவிட்டார். மறுநாள் ஒரு தாய் என்னைத் தொலைபேசியில் அழைத்தார். அவருடைய மகளுக்கு வரன் பேசிக்கொண்டிருந்த வீட்டின் நெருங்கிய உறவினர் ஒருவரும் அதே பட்டியலில் இருந்தார். மகனின் நோயைப் பற்றி அந்த வீட்டாரிடம் எப்போது, எப்படிச் சொல்வது என்று அந்தத் தாய் யோசித்துக்கொண்டிருந்த நேரத்தில், சொல்லும் வாய்ப்பே அவர் கையை விட்டுப் போய்விட்டது.

அதன் பிறகு, முகவரிகளை ஒருவருக்கொருவர் தெரியாமல் வைக்கும் வழிகளை ஒவ்வொன்றாகப் பயன்படுத்திப் பார்த்தேன். சரியாகச் செய்தால் எல்லா வழிகளுமே மறைக்கின்றன. ஆகவே நான் ஒப்பிட்டது, அனுப்புபவரின் கை தவறினால் எவ்வளவு வெளியாகும் என்பதைத்தான்.

எல்லோரும் முதலில் நாடுவது பிசிசி எனப்படும் மறைநகல். இது இயங்கும் விதம் திருமண அழைப்பிதழைப் போன்றது. உறையின் மேல் எழுதும் பெயர் வேறு, உள்ளே அச்சிட்ட பெயர்கள் வேறு. அனுப்பும் சர்வர் உறையைப் பார்த்து மடலைக் கொண்டு சேர்க்கிறது; மறைநகல் முகவரிகள் உறையில் மட்டும் இருப்பதால், மடலைப் பிரிப்பவருக்கு மற்றவர்கள் யார் என்று தெரிவதில்லை. ஆயினும் மின்னஞ்சலுக்கான தொழில்நுட்பத் தரவிதிகளின் 2008ஆம் ஆண்டுப் பதிப்பு மறைநகலைக் கையாள மூன்று முறைகளை அனுமதிக்கிறது. அவற்றுள் ஒன்றின்படி, மறைநகல் பெறுபவருக்குச் செல்லும் பிரதியில் மறைநகல் முகவரிகள் உள்ள வரி நீக்கப்படாமலே இருக்கலாம். ஜிமெயிலில் இந்தக் கவலை இல்லை. வேறு மென்பொருளைப் பயன்படுத்துபவர்கள் தங்களுடைய இரண்டு முகவரிகளுக்கு அனுப்பிச் சோதித்துவிட்டு நம்புவது நல்லது.

மறைநகலில் ‘பெறுநர்’ கட்டத்தில் என் முகவரியை மட்டும் இடுவேன். மடலைப் பெற்றவர் ‘அனைவருக்கும் பதில்’ என்பதை அழுத்தினாலும் அது மறைநகலில் உள்ள மற்றவர்களுக்குப் போகாது. பெறுநர், நகல் ஆகிய கட்டங்களில் தெரிகிறவர்களுக்கு மட்டுமே போகும். ஆனால் அந்தக் கட்டங்களில் வேறு யாரையாவது சேர்த்திருந்தால், மறைவாக மடல் பெற்றவர் தன்னை அறியாமலே அவர்களிடம் வெளிப்பட்டுவிடுவார்.

இவ்வளவு நன்றாக இயங்கும் ஏற்பாட்டின் குறை, அது ஒவ்வொரு முறையும் அனுப்புபவரின் கவனத்தை நம்பியிருப்பதுதான். அவுட்லுக்கில் மறைநகல் கட்டம் நாமாகத் திறந்தால்தான் கண்ணுக்குத் தெரிகிறது. 47 மாதங்கள் சரியாக அனுப்பிவிட்டு 48ஆம் மாதம் பக்கத்துக் கட்டத்தில் ஒட்டினால், முழுப் பட்டியலும் அனைவர் கைக்கும் போய்விடும். திரும்பப் பெற வழியில்லை. லண்டனில் எச்ஐவி சிகிச்சையும் அளிக்கும் பாலியல் நல மருத்துவமனை ஒன்று 2015 செப்டம்பரில் 781 பேருக்கு அனுப்பிய செய்தி மடலில் நடந்தது இதுதான். மறு ஆண்டு அதற்கு 1,80,000 பவுண்டு அபராதம் விதிக்கப்பட்டது. 2021 செப்டம்பரில் பிரிட்டன் பாதுகாப்பு அமைச்சகமும் ஆப்கானியர் 245 பேரின் முகவரிகளை இதே விதத்தில் ஒருவருக்கொருவர் காட்டிவிட்டது. பயிற்சி பெற்ற அலுவலர்களுக்கே நேர்வது தன்னார்வலர்களுக்கு நேராது என்று நான் எப்படி நம்புவது?

கூகுள் குழுவில் கவனம் ஒருமுறை தேவைப்படுகிறது. உறுப்பினர் பட்டியலை நிர்வாகிகள் மட்டும் பார்க்கலாம், நிர்வாகிகள் மட்டும் மடல் அனுப்பலாம் என்று அமைத்துவிட்டால், பிறகு மாதந்தோறும் ஒரே ஒரு முகவரிக்கு எழுதினால் போதும். வேளச்சேரியில் என் மைத்துனரின் அடுக்குமாடிக் குடியிருப்பில் தண்ணீர் லாரி, லிஃப்ட் பழுது, பராமரிப்புத் தொகை ஆகிய அறிவிப்புகளை இப்படித்தான் அனுப்புகிறார்கள்; அங்கே இதைவிட ஏற்ற வழி இல்லை. எங்களுக்கு இது ஒத்துவரவில்லை. உறுப்பினர்களும் எழுத அனுமதித்தால், எழுதுபவரின் முகவரி எல்லோருக்கும் தெரியும். அதோடு குழுவின் பெயர் ஒவ்வொரு மடலின் மேலும் நிற்கும். மாமியாரும் மருமகளும் ஒரே கைப்பேசியைப் பயன்படுத்தும் வீடுகளில், அந்தப் பெயரே போதுமான அளவுக்குப் பேசிவிடும்.

மொத்த மடல் சேவைகளை இரண்டு மாதங்களில் விட்டுவிட்டேன். மெயில்சிம்ப் போன்றவை ஒவ்வொருவருக்கும் தனி மடலாகவே அனுப்புகின்றன. ஆனால் மடலின் அடியில் அனுப்புபவரின் அஞ்சல் முகவரி இருந்தாக வேண்டும். எங்கள் கூட்டம் ஓர் உறுப்பினரின் வீட்டில் நடப்பதால் அதை இட மனம் வரவில்லை. யார் மடலைத் திறந்தார்கள் என்று கண்காணிக்கும் வசதியும் எங்களுக்குத் தேவையற்றது. வாட்ஸ்ஆப் பிராட்காஸ்டை ஏன் பயன்படுத்தவில்லை என்று பலர் கேட்கிறார்கள். ஒரு பட்டியலில் 256 பேர் வரை சேர்க்கலாம். என்றாலும் என் எண்ணைத் தம் கைப்பேசியில் சேமித்து வைத்தவர்களுக்கு மட்டுமே செய்தி போய்ச் சேரும். எங்களில் பலர் வேண்டுமென்றே சேமிப்பதில்லை.

கடைசியில் நான் தேர்ந்தெடுத்தது மெயில் மெர்ஜ். கூகுள் ஷீட்டில் பெயரும் முகவரியும் உள்ள பட்டியலை வைத்துக்கொண்டு, வரிசைக்கு ஒன்றாகத் தனித்தனி மடல் அனுப்பும் முறை இது. ஜிமெயிலிலேயே அமைந்த மெர்ஜ் வசதி கட்டணத் திட்டங்கள் சிலவற்றில்தான் கிடைக்கிறது. இலவசக் கணக்கில், கூகுளின் சிறு நிரல் எழுதும் வசதியான ஆப்ஸ் ஸ்கிரிப்ட் வழியாக நாளொன்றுக்கு 100 பேருக்கு அனுப்பலாம். எங்கள் அளவுக்கு அது போதும். தொடக்கத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் செலவானது உண்மை. ஆனால் ஒவ்வொரு மடலிலும் ஒரே ஒரு முகவரி மட்டும் இருப்பதால், எந்தக் கட்டத்தில் இட்டாலும் அடுத்தவர் முகவரி வெளியாக வழியே இல்லை. இங்கும் ஓர் ஆபத்து உண்டு. பெயர்ப் பத்தியை மட்டும் அகர வரிசைப்படுத்திவிட்டு முகவரிப் பத்தியை அப்படியே விட்டால், ஒருவருக்கு மற்றவர் பெயரில் மடல் போகும். அதனால் மடலில் பெயரையே எடுத்துவிட்டு ‘வணக்கம்’ என்று மட்டும் தொடங்குகிறேன். பொருள் வரியிலும் நோயின் பெயரோ குழுவின் பெயரோ இராது. ‘மாதக் கூட்டம், சனிக்கிழமை மாலை 4 மணி’ என்று மட்டும் இருக்கும்.

அந்தத் தாய் தம் முகவரியை நீக்கச் சொல்லிவிட்டார். ஆனால் கூட்டத்துக்கு வருவதை நிறுத்தவில்லை. ஒவ்வொரு மாதமும் மற்ற 83 பேருக்கும் மடல் போன பிறகு, நான் அவரைத் தொலைபேசியில் அழைத்து நாளைச் சொல்கிறேன்.